நாற்பத்தைந்தில் வேலை போனால்: காப்பீடா, கணக்கா, மாதச் சம்பளமா?

2023 அக்டோபரில் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது. மலேசியாவில், ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில், ஸ்டோர் பிரிவில் 12 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். கோவிட் காலத்தில் ராத்திரி பகலாக ஓடிய மெஷின்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நின்றன. உலகமே வாங்கிக் குவித்த கையுறை தீராமல் கிடந்ததால் புது ஆர்டர் வரவில்லை. முதலில் ஓவர்டைம் போனது, பிறகு ஒரு ஷிப்ட் போனது, கடைசியில் எங்கள் பிரிவே போனது. எனக்கு அப்போது 45 வயது. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மகன் போலிடெக்னிக்கில், மகள் நான்காம் படிவத்தில்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில். தோட்டத்தை விட்டு வந்து டவுனில் வீடு வாங்கிய குடும்பங்கள்தான் எங்கள் தாமானில் பாதி. அப்பா தோட்டத்தில் செக்ரோல் கிராணி. யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) வந்தார்கள், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று எழுதிச் சம்பளக் கணக்குப் போடுகிற வேலை. அவரைப் பார்த்துத்தான் 1995-இல் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும், லண்டன் வர்த்தகச் சபையின் எல்சிசிஐ கணக்கியல் படித்தேன். சான்றிதழ் அலமாரியில் இருந்ததே தவிர, அதை வைத்து ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. வேலை போனதும் நிதித்துறைப் பக்கம் திரும்பலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்தத் தாள்தான் காரணம்.

சொன்னவுடன் ஆளுக்கு ஒரு வழி காட்டினார்கள். காப்பீட்டு ஏஜென்ட் ஆகு, யூனிட் டிரஸ்ட் (கூட்டு முதலீட்டு நிதி) விற்கலாம், ஈப்போவில் அக்கவுண்ட்ஸ் கிளார்க் வேலை தேடு, வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடு, முழுக் கணக்காளராக ஏசிசிஏ படி. இவை எல்லாமே நிதித்துறைதான். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள். என்னைப் போல நாற்பதைத் தாண்டி, சின்ன ஊரில், குடும்பத்தோடு இந்த முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக, நான் பார்த்ததையும் செய்ததையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எந்த வழியைப் பார்ப்பதற்கும் முன்னால் ஒரு கணக்கு போட வேண்டும். வருமானம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் ஓடும்? நான் அதைத்தான் முதலில் எழுதினேன். 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டு என்றால் 15 நாள், அதற்கும் குறைவு என்றால் 10 நாள். மாதம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) சம்பளம் வாங்கியவர்களுக்கு இது சட்டப்படியான உரிமை. வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். என் சம்பளம் 3,200. 12 ஆண்டுக்கு 240 நாள் சம்பளம், ஏறத்தாழ 25,000 வெள்ளி வந்தது. வேலை இழப்பு இழப்பீட்டில், முழுதாக முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10,000 வெள்ளி வரை வருமான வரி கிடையாது என்பதால் அதில் வரிப் பிடித்தமும் இல்லை.

அப்புறம், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை காப்பீட்டுத் திட்டம். சம்பளச் சீட்டில் எஸ்ஐபி என்று மாதாமாதம் 0.2 விழுக்காடு பிடித்தார்களே, அதுதான். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு கடிதம் வாங்கியவர்களில் சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பிக்கவே இல்லை. தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். அது நாம் கட்டிய பணம். நான் விண்ணப்பித்தபோது முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 என்று விகிதம் இருந்தது. ஆறு மாதமும் வாங்கினால் எனக்கு எட்டரை ஆயிரம் வெள்ளி. நடுவில் வேலை கிடைத்துவிட்டால், மீதி வாங்காத தொகையில் 25 விழுக்காட்டை ஒரே தடவையில் தருவார்கள்.

வீட்டுச் செலவு மாதம் 3,900. கணவர் கொண்டுவருவது 2,400. துண்டு விழுவது 1,500. கையில் வரும் பணத்தை 1,500-ஆல் வகுத்தால் 22 மாதம். லோரிக்கு வேலை இல்லாத மழைக்காலம், மகனின் படிப்புச் செலவு எல்லாம் போக, 18 மாதம் என்று வைத்துக்கொண்டேன். இந்த 18 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பிறகு யார் எந்த வழியைச் சொன்னாலும், "இது 18 மாதத்துக்குள் 1,500 வெள்ளி கொண்டுவருமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கையில் மொத்தமாகப் பணம் வந்த செய்தி சின்ன ஊரில் ஒரே வாரத்தில் பரவிவிடும். மாதம் 10 விழுக்காடு லாபம், நீங்களும் சேர்ந்து ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வருபவர்களும் தங்களை நிதித்துறை என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த வழியை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

சரி, காப்பீட்டு ஏஜென்ட் வேலைக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், காரணமும் இருக்கிறது. நுழைவது சுலபம். பிசிஇ தேர்வு எழுத வேண்டும், முதலீடு கலந்த பாலிசிகளை விற்க சீலி தேர்வும் எழுத வேண்டும். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். எஸ்பிஎம் முடித்து, ஒழுங்காகப் படித்தால் தேறலாம். செலவு சில நூறு வெள்ளிதான். வயது தடையில்லை. சொல்லப்போனால் இளைஞனைவிட 45 வயதுக்காரர் பேசினால் மக்கள் நம்புகிறார்கள்.

ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நடந்த அறிமுகக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்த 100 பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். வேகமாகத்தான் எழுதினேன். 64-ஆவது பெயரில் பேனா நின்றது. மேலே திரும்பிப் பார்த்தேன். 41 பேர் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள். பக்கத்து லயத்துப் பெரியம்மா, அப்பாவோடு வேலை பார்த்த கங்காணி மாமாவின் மருமகள், என் அண்ணி, கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி கழுவுகிற அக்காமார். இவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் என்ன வருமானம், யாருக்கு எவ்வளவு கடன் என்று எனக்குத் தெரியும். நான் போய் உட்கார்ந்து கேட்டால் என் பேச்சைத் தட்ட மாட்டார்கள். மாதம் 180 வெள்ளி பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டாவது மாதம் கட்ட முடியாமல் விட்டுவிடுவார்கள். அப்புறம் என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போவார்கள்.

அந்தத் தாளை அப்படியே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் இருக்கிறது.

ஆனால் இதை வைத்து ஏஜென்ட் வேலையே தவறு என்று நான் சொன்னால் அது அநியாயம். என் சின்னம்மா மகள் 9 ஆண்டாக அந்த வேலையில் இருக்கிறாள். செம்பனைக் காட்டில் விபத்தில் இறந்த ஒருவரின் வீட்டுக்கு அவள்தான் பாரங்களை எடுத்துக்கொண்டு போனாள். போலீஸ் ரிப்போர்ட், மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் சேர்த்து, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பணம் வாங்கிக் கொடுத்தாள். அந்த வீடு ஏலத்துக்குப் போகாமல் நின்றது. "அக்கா, முதல் இரண்டு வருஷம் நான் சம்பாதிச்சது பெட்ரோலுக்கே சரியாப் போச்சு. அவரு சம்பளம் இருந்ததாலதான் தாக்குப் பிடிச்சேன்" என்று அவளே சொன்னாள். கமிஷன் முதல் ஆண்டில் அதிகமாகவும் பிறகு குறைந்துகொண்டும் வரும். சில ஆண்டுகளில் நின்றுவிடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் புது ஆட்களைத் தேடியாக வேண்டும். பாலிசி சீக்கிரம் கைவிடப்பட்டால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் கம்பெனிகளும் உண்டு. கட்டணம் உயரும்போது திட்டு வாங்குவதும் ஏஜென்ட்தான். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் ஏறி ஜனங்கள் கொதித்தபோது, உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்பி வசூலிக்கச் சொல்லி 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்தது. அந்த மாதங்களில் அவள் கைத்தொலைபேசி ஓயவே இல்லை. ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினாள்.

ஆக, வீட்டில் இன்னொரு நிலையான வருமானம் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு காத்திருக்கும் வசதி வேண்டும். சொந்தபந்தத்துக்கு வெளியேயும் நிறைய ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ளவருக்கு ஏஜென்ட் வேலை நல்ல வழி. எனக்கு மூன்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

யூனிட் டிரஸ்ட் விற்பனையும் இதே குடும்பம்தான். முதலீட்டு நிர்வாகிகள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்எம் நடத்தும் தேர்வில் தேறி, அங்கே பதிந்துகொள்ள வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் முதலீடு செய்யத் தனியாகப் பணம் வைத்திருப்பவர் குறைவு. எனவே ஏஜென்ட்கள் கை வைப்பது இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தில்தான். சேமநிதியின் ஒரு பகுதியை அனுமதிக்கப்பட்ட நிதிகளில் போட சட்டம் இடம் கொடுக்கிறது. ஏஜென்ட் வழியாகப் போட்டால் 3 விழுக்காடு வரை விற்பனைக் கட்டணம். இபிஎஃப் 2023-க்கு 5.50 விழுக்காடும் 2024-க்கு 6.30 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. அங்கே பேசாமல் கிடக்கும் ஒரு தொழிலாளியின் பணத்தை, நுழையும்போதே 3 விழுக்காடு குறைத்துவிட்டு, ஏறலாம் இறங்கலாம் என்ற இடத்தில் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணமும் விவரமும் உள்ள வாடிக்கையாளர்களுக்கு அது வேறு கணக்காக இருக்கலாம்.

அடுத்தது மாதச் சம்பள வேலை. நான் முதலில் எடுத்தது இதைத்தான், இதைப் பற்றித்தான் நம் ஆட்களுக்குத் தப்பான எண்ணம் அதிகம் இருக்கிறது. "3,200 வாங்கியவள் 2,200-க்குப் போவதா?" என்று கணவரே கேட்டார். ஈப்போவில் கணக்குச் சேவை செய்யும் ஒரு சின்ன அலுவலகம். நேர்காணலில் வயதைக் கேட்டார்கள், கடைசியாக எப்போது கணக்கு எழுதினீர்கள் என்றும் கேட்டார்கள். 27 ஆண்டு ஆகிறது என்று உண்மையைச் சொன்னேன். ஸ்டோரில் சரக்குக் கணக்கு பார்த்ததையும், மாதக் கடைசியில் இருப்பு எண்ணி வித்தியாசம் கண்டுபிடித்ததையும் சொன்னேன். அதில்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஸ்டோர், சம்பளப் பிரிவு, உற்பத்திக் கணக்கு, தோட்ட அலுவலகம் என்று எங்கே இருந்திருந்தாலும், எண்களோடு பழகிய அனுபவத்தைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

2,200 என்று பார்த்தால் குறைவுதான். ஆனால் முதலாளி கட்டும் இபிஎஃப் 13 விழுக்காடு, அதாவது 286 வெள்ளி, அதற்கு மேல் வருகிறது. சொக்சோ (பெர்கேசோவின் விபத்துக் காப்பு), விடுப்பு, மருத்துவச் செலவு தனி. ஏஜென்டுக்கும் சுயதொழில் செய்பவருக்கும் இதையெல்லாம் தர முதலாளி கிடையாது. இபிஎஃப்பில், சுயதொழில் செய்பவருக்கான ஐ-சாரான் திட்டம் வழியாகத் தானே கட்டினால்தான் உண்டு. எதிர்ப்பக்கத்தில், போக வர 60 கிலோமீட்டர், பெட்ரோலும் சாப்பாடும் மாதம் 400 வெள்ளிக்கு மேல் தின்றது. பிடித்தமெல்லாம் போக வீட்டுக்கு வந்தது 1,500-ஐ ஒட்டித்தான். என் தாளில் எழுதிய எண்ணும் அதுதானே. முதல் சம்பளம் வந்த நாளிலிருந்து இழப்பீட்டுப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் தொடவே இல்லை.

பணத்தைவிடப் பெரியது அங்கே கற்றது. ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் ஆகிய மென்பொருள்கள், வங்கி அறிக்கையோடு கணக்கை ஒத்துப் பார்ப்பது, சம்பளச் சீட்டு, ஆடிட்டர் கேட்கும் கோப்புகளை அடுக்கி வைப்பது. என்னைவிட 20 வயது இளைய ஒரு சீனப் பெண்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் அழுகை வரும். ஒரு சென் இடித்தாலும் உட்கார்ந்து தேடுவேன். நான்காவது மாதம் ஒரு ஒர்க்ஷாப்பின் ஆண்டுக் கணக்கை நானே முடித்தபோது, அப்பா செக்ரோலில் கடைசிக் கோடு போட்டுவிட்டு ரூலரைக் கீழே வைக்கும் சத்தம் எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

அங்கே 14 மாதம் இருந்தேன். 2025 மார்ச்சில் விலகி, கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் தொழில் பதிந்தேன். வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரிலேயே என்றால் 30. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். இதுதான் நான்காவது வழி: கடைகளுக்கும் சிறுதொழில்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது.

எங்கள் ஊரில் இதற்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டால், கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரியும். மளிகைக் கடையில் கடன் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. ரசீதுகள் பிஸ்கட் டின்னில். கடைக்காரர் மனைவி வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுப்பது எங்கேயும் பதிவாவதில்லை. அவர் நேர்மையான மனிதர், தினமும் விற்பனை நடக்கிறது. ஆனால் வங்கியிலோ தெக்குன் நேஷனல் இந்தியச் சிறுதொழில்காரர்களுக்கு நடத்தும் ஸ்பூமி கடன் திட்டத்திலோ கடன் கேட்கப் போனால் காட்ட ஒரு தாளும் இல்லை. கடைசியில் வட்டிக்காரரிடம் போகிறார். கணக்கு இல்லாததால் மட்டும் கந்துவட்டிக்குப் போன மூன்று பேரை எனக்கு நேரடியாகத் தெரியும். இதுதான் எனக்குத் தாங்காது. உழைப்பில் குறை இல்லாதவர்கள், தாளில் இல்லாததால் தோற்கிறார்கள்.

இப்போது அரசாங்கமும் தாளைக் கேட்கிறது. விற்பனைச் சீட்டை மின்வழியில் வரி வாரியத்துக்கு அனுப்பும் மின் இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்டில் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ள பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஜூலையில் 50 லட்சம் முதல் 2.5 கோடி வரையுள்ளவர்களுக்கும், 2026 ஜனவரியில் 10 லட்சம் முதல் 50 லட்சம் வரையுள்ளவர்களுக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊர் லோரி காண்ட்ராக்டரும் மொத்த வியாபாரியும் அந்தக் கடைசி வரிசையில்தான் இருக்கிறார்கள். தனித்தனியாக இன்வாய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். அதில் எப்படி நுழைவது என்று காட்டிக் கொடுத்தே எனக்கு நான்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்.

குலை வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவர் 14 வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கிறார். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம். முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. "பத்து வருஷமா இல்லாதது இப்ப ஏன்மா?" என்று அலுத்துக்கொண்டார். 14 பேரையும் உட்கார வைத்து, சீட்டில் எந்த வரி எதற்கு என்று மலாயிலும் கை ஜாடையிலும் விளக்கினேன். தன் பெயர் அச்சடித்த சம்பளச் சீட்டை ஒரு வங்காளதேசத் தம்பி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டான்.

வருமானம் எப்படி? சின்னக் கடைக்கு மாதம் 150 வெள்ளி, சம்பளக் கணக்கும் சேர்ந்தால் 300, 350. முதல் ஆறு மாதத்தில் எனக்கு 5 வாடிக்கையாளர்கள், மாதம் 1,000 வெள்ளிகூட நிறையவில்லை. இப்போது 11 பேர், மாதம் 2,700 வருகிறது. மென்பொருள் சந்தா, இண்டர்நெட், பெட்ரோல் போக 2,300 நிற்கிறது. அதிலிருந்துதான் என் சேமநிதிக்கும் கட்ட வேண்டும். தொழிற்சாலைச் சம்பளத்தை இன்னும் எட்டவில்லை. ஆனால் ஏஜென்ட் வேலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே வந்த வாடிக்கையாளர் அடுத்த மாதமும் இருக்கிறார். பூஜ்யத்திலிருந்து மாதத்தைத் தொடங்க வேண்டியதில்லை.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். பணம் வசூலிப்பது பெரும்பாடு. "அக்கா, அடுத்த வாரம் தரேன்" என்பவரிடம் கண்டிப்பாகப் பேச எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுகிறேன். சொந்தக்காரர் கடைக்கும் அதே விதி. எல்லை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி எம்ஐஏ என்ற மலேசியக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் மட்டுமே தன்னை அக்கவுண்டன்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் என் அட்டையில் "கணக்குப் பதிவுச் சேவை" என்றுதான் இருக்கிறது. வரி ஏஜென்டாகச் செயல்பட, வருமான வரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். என் வாடிக்கையாளர்களின் வரிப் பாரங்களை ஈப்போவில் அனுமதி பெற்ற ஒருவரிடம் அனுப்புகிறேன். நான் கணக்கைச் சுத்தமாக முடித்துக் கொடுப்பதால் அவர் கட்டணமும் குறைகிறது. இந்த எல்லையைத் தாண்டி, "நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள்.

நேராக இந்த வழிக்கே வந்திருக்கலாமே, ஈப்போவில் 14 மாதம் ஏன் என்று கேட்கிறார்கள். 1996-இல் படித்ததை வைத்து ஒருவரின் கடைக் கணக்கில் கை வைத்திருந்தால், என் தவறுக்கு அவர் அபராதம் கட்டியிருப்பார். ஒருவரை நம்பிப் பணத்தையும் கணக்கையும் ஒப்படைப்பது தோட்டத்து ஆட்களுக்குப் புதிதில்லை. 1960-இல், வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அப்போது அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தாத்தாவும் கட்டினார். அந்த ரசீதை அப்பா மில்லோ டின்னில் கடைசிவரை வைத்திருந்தார். பத்து வெள்ளி அன்றைக்கு ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. வாங்கியவர் எழுதி வைப்பார் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தார்கள். பிஸ்கட் டின்னை என் மேசையில் ஒருவர் கவிழ்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரசீது நினைவுக்கு வரும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏசிசிஏ 13 தாள்கள், கூடவே 3 ஆண்டு வேலை அனுபவம். வீடு, வேலை, பிள்ளைகளோடு ஆண்டுக்கு இரண்டு மூன்று தாள் என்றால் 5, 6 ஆண்டு ஆகும். 45-இல் தொடங்கினால் 51. ஓய்வு வயது 60. தேர்வுக் கட்டணம் பவுண்டில். கணக்கியல் டிப்ளோமாவோ பட்டமோ ஏற்கனவே இருந்து, சில தாள்களுக்கு விலக்குக் கிடைக்கும் என்றால் யோசிக்கலாம். எஸ்பிஎம்மோடு நிற்பவர் இழப்பீட்டுப் பணத்தை இதில் கொட்ட வேண்டாம். நிதித் திட்டமிடுபவர் ஆவது மதிப்பான வேலைதான். ஆனால் ஆலோசனைக்குக் கட்டணம் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கடன் பிரச்சினைக்கு, கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை தருகிறது. அங்கே ஆட்களை அனுப்பி வைப்பதே நல்லது. குறுகிய பயிற்சி ஏதாவது எடுக்க நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் பெர்கேசோவில் கேளுங்கள். வேலை காப்பீட்டுத் திட்டத்தில் பயிற்சிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு.

போன மாதம் பழைய தொழிற்சாலைத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் கடிதம் வந்துவிட்டது. வயது 49. நானும் உன் மாதிரியே கணக்கு எழுதவா என்று கேட்டாள். அவள் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மாதாமாதம் பென்ஷன் வருகிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. உற்பத்தி வரிசையில் சூப்பர்வைசராக இருந்ததால் மூன்று இனத்தாரிலும் நூற்றுக்கணக்கான பேரைத் தெரியும். மலாய், கண்டோனீஸ் இரண்டும் தண்ணீர்பட்ட பாடு. ஒரு இடத்தில் அரை மணி நேரம் உட்கார மாட்டாள், தாளைக் கண்டால் அவளுக்குக் கொட்டாவி வரும். என் சின்னம்மா மகளின் நம்பரைக் கொடுத்தேன். "நீ வேண்டாம்னு விட்டதை என்னைச் செய்யச் சொல்றியா?" என்றாள். அவளுடைய மாதக் கணக்கை அந்த மேசையிலேயே போட்டுக் காட்டினேன். ஒரு வெள்ளிகூட வராவிட்டாலும் 40 மாதம் தாக்குப் பிடிப்பாள். பெயர்ப் பட்டியல் எழுதினால் சொந்தக்காரர் பத்துப் பேருக்கு மேல் வர மாட்டார்கள்.

பிசிஇ புத்தகம் வாங்கிவிட்டாளாம். நேற்று அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.